சந்தனம் பூசிய கயிறு

கூரைக் கோஷ்டிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே,

மில்லில் மணிலாக் கயிறு காணாமல் போய்விட்டது என்று மூன்று நாளாக ஒரே அமளி என்று கேள்விப்பட்டேன். வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். ஸ்டோர் கிளார்க்கைச் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். கிணறு தூர்வார வந்த ஆளின் மூட்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தீர்களாம். பாவம், அவர்களை விட்டுவிடுங்கள். அந்தக் கயிறு அவர்களுக்கு எதற்கு? அது எதற்கு என்று உங்களுக்கே தெரியவில்லை என்பதுதானே என் வயிற்றெரிச்சல்!

கயிறு போன இடத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் கூரைக் கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்தேன். எனக்கு வயது ஒன்றும் அதிகமில்லை, ஐம்பதைத் தாண்டி நாலைந்துதான். முட்டிகளுக்கு மட்டும் எண்பது. அவற்றைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற பாகங்களும் கூடவே போகவேண்டியதாயிற்று. போன வாரம் உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன் என்ன கண்டேன்? ஒருவன் இடுப்பில் பழைய தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் பாதி தூரம் போய்விட்டான்.

"மறுமுனைய எங்கப்பா கட்டியிருக்க?" என்றேன்.

"மேல போயி கட்டிக்கிருவேன்ணே!"

மழை விட்ட பிறகு குடை விரிக்கிறவனையாவது மன்னிக்கலாம். அவன் நனைந்ததோடு சரி.

அந்த எரிச்சலோடு ஸ்டோர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தால், புத்தம் புது மணிலாக் கயிறு மனைப் பலகையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கும்போதே சந்தனம், குங்குமம், நடுவில் எலுமிச்சம்பழம், பொரி, வெல்லம். வாசலிலேயே நின்று அந்தக் கயிற்றையே பார்த்தேன். பக்திப் பரவசத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கும் கொஞ்சம் பொரி கொடுத்தீர்கள். அது பரவசம் இல்லை ஐயா. பழைய பயம். அந்தப் பயத்தின் கதையைத்தான் எழுதுகிறேன். சிரிக்கிற இடத்தில் சிரியுங்கள், பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டியிருக்கும்.

எனக்குத் தொழில் காட்டியவர் கோரிப்பாளையத்து பாய் ஒருவர். சாரம் கட்டுவதில் அவர் கை வைத்தால் அதன்மேல் யானையை ஏற்றலாம். தன் பெயரை யாரும் பெரிதாகச் சொல்வது அவருக்குப் பிடிக்காது. நானும் எழுதப் போவதில்லை. முதல் நாள் ஏணியில் ஏறிய நான், மேலே கூரை விளிம்பை, இறவாணத்தைத் தொட்டதும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தேன். கீழே பார்த்தேன். அவ்வளவுதான். ஏணியை அப்படியே கட்டிக்கொண்டேன். என் கல்யாணத்திற்குப் பிறகுகூட யாரையும் அவ்வளவு ஆசையாகக் கட்டிக்கொண்டதில்லை. பாய் பின்னாலேயே ஏறி வந்தார்.

"தம்பி, ஏணிய உடு. அது எங்கயும் ஓடிப்போவாது" என்றார்.

என் ஒவ்வொரு காலையும் தன் கையால் எடுத்து ஒவ்வொரு படியில் வைத்து இறக்கினார். கீழே வந்ததும் கோஷ்டியே கைகொட்டிச் சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. "பயந்தவன் கைக்கு எது கெடைக்குதோ அதத்தான் புடிப்பான். ஒனக்கு ஏணி கெடச்சுச்சு, பொழச்ச" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பாயிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாணுக்குச் சாண் முறுக்கைப் பிரித்து, புரிகளுக்கு நடுவே கண்ணை வைத்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். "பாய் கயித்துக்குப் பேன் பாக்குறாரு" என்று நாங்கள் கேலி செய்வோம். அந்தக் கேலியைக் கண்டுபிடித்தவன் யார் என்று கேட்காதீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு நான் மேஸ்திரி ஆனேன். வேறொரு மில்லில் கூரையிலிருந்து ஒருவர் விழுந்து செத்துப்போன சமயம் அது. எங்கள் எஞ்சினியர் துரை தூத்துக்குடியிலிருந்து மணிலா நாரில் திரித்த கப்பல் கயிறு ஒன்று வரவழைத்தார். இனிமேல் இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவனும் கூரையேறக் கூடாது, அதற்கு மேஸ்திரி பொறுப்பு என்று உத்தரவும் போட்டார். கயிறு என்றால் அது கயிறு! பழுத்த நெல் மாதிரி நிறம். தேங்காய்நார்க் கயிற்றில் உள்ளங்கை உரிந்துபோன எங்களுக்கு அதைத் தொடவே கூச்சமாக இருந்தது.

வந்த மூன்றாம் நாள் ஆயுத பூஜை. சுத்தியல், ஸ்பேனர், ஏணி எல்லாவற்றையும் கழுவி அடுக்கினோம். நடுநாயகமாக எதை வைப்பது என்ற பேச்சு வந்தபோது நான்தான் கயிற்றைத் தூக்கி மனைப் பலகையில் வைத்தேன். சுருட்டி வைத்ததும் ஆதிசேஷனே வந்து படுத்த மாதிரி இருந்தது. சந்தனத்தைக் கரைத்துத் தலைமுதல் கால்வரை பூசினோம். நடுக்குழியில் பொரியும் வெல்லமும் கொட்டினோம்.

மறுநாள் வேலைக்குக் கயிற்றை எடுக்கப் போனால் கோஷ்டியில் ஒருத்தனும் கிட்டே வரவில்லை.

"சாமியா உக்காந்துருச்சுண்ணே. அத எடுத்து அரையில கட்டுறதா?"

"கட்டுறதே கட்டுறோம், அருணாக்கொடிக்கு மேலயா கீழயா?"

"செருப்புக் கால்ல மிதிச்சுப்புட்டா?"

நான் மேஸ்திரி. அங்கேயே ஓர் அதட்டுப் போட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. எனக்கோ விகடம் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. "சரிடா, சாமி ஓய்வெடுக்கட்டும். நம்மளப் பாத்துக்கிரும்" என்று சொல்லி நானும் சேர்ந்து சிரித்தேன். வெள்ளிக்கு வெள்ளி பூஜை நடந்தது. பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனம். படைக்கிற வெல்லம் மறுநாள் காலையில் இருக்காது. "சாமி சாப்பிட்டுருச்சு" என்று நான்தான் சொல்வேன். துரை, "கயிறு இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டால், "இருக்குங்க துரை" என்பேன். பொய்யும் இல்லை. இருந்தது. பாய் மட்டும் ஊரில் இருந்திருந்தால் முதல் வெள்ளியிலேயே கேட்டிருப்பார். அவர் அந்த மாதம் திண்டுக்கல்லில் ஒரு தோல் கிடங்குக்குச் சாரம் கட்டப் போயிருந்தார்.

ஐப்பசி பிறந்தது. நம் ஊர் ஐப்பசி மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் காலையில் எஞ்சின் ரூமின் தகரக் கூரையில் ஒரு தகடு கிளம்பி, நேராக எஞ்சின் மேலேயே ஒழுக ஆரம்பித்தது. எஞ்சினை நிறுத்தினார்கள். மில் முழுக்கச் சத்தம் அடங்கி, அத்தனை பேரும் வெளியே வந்து அண்ணாந்து நின்றுவிட்டார்கள். மானேஜர் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் எம்புட்டு நேரம்? இன்னும் எம்புட்டு நேரம்?" என்று என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

மழை விட்டிருந்தது. தகரம் மட்டும் ஈரம். கூரையேற முன்வந்தவன் இருளப்பன், என் சம்சாரத்துக்கு ஒரே தம்பி. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் ஏணி மேலேயே வளர்ந்தவன். அவன் காலுக்குப் படி கிடைத்தால் போதும், கண் தேவையில்லை.

துரை கேட்பாரே என்ற பயம் அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. ஸ்டோர் ரூமுக்கு ஓடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கயிற்றைச் சந்தனத்தோடு தூக்கி வந்தேன். அங்கங்கே விறைப்பாக இருந்தது. காய்ந்த சந்தனம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முனை இருளப்பன் இடுப்பில். மறுமுனைப் பக்கத்தைக் கிழக்குப் புறத்தில் இருந்த இரும்புத் தூணில் நானே கட்டினேன். முகட்டில் மாட்டும் கொக்கி ஏணி ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள்.

"ஏணி வேணாமா மச்சான்?" என்றான் இருளப்பன்.

"அம்புட்டுப் பெரிய கப்பல் கயிறு இருக்கு, ஏணி எதுக்குடா மாப்ள?" என்றேன்.

இதைச் சொன்ன வாய் இதுதான். இப்போதும் சோறு தின்கிறது.

அவன் கிழக்குச் சரிவில் ஏறி, முகட்டைத் தாண்டி, மேற்குச் சரிவில் இறங்கினான். கயிறு முகட்டின்மேல் படிந்து விறைத்தது. அந்தப் பக்கம் கூரை முடிகிற இடத்துக்குக் கீழே நிலக்கரி இறக்கும் கருங்கல் தளம். நான் தூணடியில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பாய் வந்தார். திண்டுக்கல் ரயிலிலிருந்து இறங்கி நேராக வேலைக்கு வந்திருக்கிறார். மேலே பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "என்ன தம்பி, மஞ்சளா?" என்று கேட்டபடியே, கீழே மிச்சம் கிடந்த சுருளை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முறுக்கைப் பிரித்தார்.

உள்ளே பாதிப் புரி இல்லை. எலி கடித்துப் பஞ்சாக்கியிருந்தது.

வெல்லத்தைச் சாமி சாப்பிடவில்லை தம்பிகளே. சாமியின் வாகனம் சாப்பிட்டிருக்கிறது. வெல்லம் தீர்ந்ததும் வெல்லம் ஊறிய கயிற்றையும் சாப்பிட்டிருக்கிறது.

பாய் அடுத்த சுற்றைத் தேய்த்தார். அங்கேயும் கடி. அதற்கடுத்ததிலும். "ஒவ்வொரு சுத்துலயும் உள்பக்கம் கடிச்சிருக்கு. அப்ப மேல போனதுலயும் இருக்கும்" என்றார், மெதுவாக.

எனக்கு உலகம் நின்றுவிட்டது. இறங்கி வாடா, கயிறு அறுந்துரும் என்று கத்த வாயைத் திறந்தேன். பாய் பாய்ந்து வந்து உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார்.

"கத்துனீன்னா அவன் என்ன செய்வான்? பயந்துபோயி கைக்குக் கெடைக்கிறதப் புடிப்பான். இப்ப அவன் கைக்குக் கெடைக்கிறது எது?"

கயிறுதான்.

சரி, இழுத்துவிடலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். அதையும் தட்டிவிட்டார். "முகட்டுல ஒரசி இருக்கிற புரியும் போயிரும். கொக்கி ஏணிய நான் மேல கொண்டு போறேன். நீ அந்தப் பக்கம் போயி அவன்கிட்டப் பேசிக்கிட்டு இரு. எப்பயும் பேசுற மாதிரிப் பேசு. கயித்துல சாயாம இருக்கணும், ஆனா கயிறு விசயம் அவனுக்குத் தெரியக்கூடாது. போ!"

எப்போதும் பேசுகிற மாதிரி! மேற்குப் பக்கம் ஓடினேன். ஓட்டத்தில் தலைப்பாகை எங்கேயோ விழுந்தது. அழகர்கோயிலுக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று ஓடும்போதே வேண்டிக்கொண்டேன். அப்போதே எனக்கு வழுக்கை. சாமி என்ன நினைத்ததோ!

அண்ணாந்து பார்த்தேன். இருளப்பன் கிணற்றில் நீர் இறைப்பவன்போல் கயிற்றில் முழுப் பாரத்தையும் போட்டு, சாவதானமாகப் பின்னால் சாய்ந்து, தகட்டுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். கயிற்றின்மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. நான் கட்டிய கயிறு அல்லவா!

"மா... மாப்ள" என்றேன்.

அவன் கை நின்றது. "என்ன மச்சான், கொரலு ஒரு மாதிரியா இருக்கு?"

பேச்சு வந்த நாளிலிருந்து இந்த வாய் ஓயாமல் கேலி பேசியிருக்கிறது. எழவு வீட்டில்கூடப் பேசி உதை வாங்கியிருக்கிறது. அன்றைக்கு ஒரு வார்த்தை வேண்டும் என்று கெஞ்சுகிறேன், சோற்றுப் பேச்சுதான் வந்தது.

"ஒங்கக்கா புளியோதரை குடுத்து விட்டுருக்கா. நீ வர்றதுக்குள்ள நானே தின்னுருவேன் போல இருக்கு. அதான் தொண்டை அடைக்குது."

"தின்னுங்க, தின்னுங்க. அக்கா புளியோதரைய நானே பயந்துக்கிட்டுதான் திம்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்பினால் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"அது கெடக்கட்டும். என்னடா வேலை இது? ராசா மாதிரி மல்லாக்கச் சாஞ்சுக்கிட்டு! தொட்டில்ல போட்டு ஆட்டவா? தகரத்த ஒட்டிக் குனிஞ்சு பூசுறா. பக்கத்துல பாத்தாத்தான் ஓட்டை தெரியும்."

"மச்சான் இன்னைக்கு ரொம்ப மேஸ்திரியா இருக்கீக!" என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் குனிந்தான். கயிறு தளர்ந்தது. எனக்கு ஒரு மூச்சு வந்தது, ஒரே ஒரு மூச்சு. அதற்குள் மானேஜர் பக்கத்தில் வந்து, "இன்னும் எம்புட்டு..." என்று தொடங்கினார்.

"செத்த வாயை மூடுறீங்களா சார்!" என்றேன்.

மில் சரித்திரத்தில் மானேஜரை அப்படிச் சொன்னவன் நான் ஒருவன்தான். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அந்த மனிதரும் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மேலே பார்க்க ஆரம்பித்தார்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று பாதி நினைவில்லை. அவன் மாமனார் ஆட்டை விற்கப் போய் மாட்டை வாங்கி வந்த கதையைச் சொன்னேன். அது நடக்கவே இல்லை. ஒவ்வொரு முறை அவன் உடம்பு பின்னால் சாயும்போதும் என் பேச்சு ஒரு சுருதி ஏறும்.

அப்போது முகட்டுக்கு மேல் பாயின் வெள்ளைத் தொப்பி எழுந்தது. பெருநாள் பிறையைக்கூட யாரும் அவ்வளவு ஏக்கத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள். பின்னாலேயே கொக்கி ஏணி முகட்டில் மாட்டி, சத்தமில்லாமல் இந்தச் சரிவில் இறங்கியது.

"இருளப்பா, ஏணில வந்து நில்லு" என்றார் பாய்.

"கயிறு இருக்கே பாய்."

"துரை வாராரு. ஏணில ஆளில்லாட்டி என்னையத்தான் வையுவாரு. பைய வா. தார் காயல, காலு வழுக்கும். வயித்தத் தகரத்துல ஒட்டிக்கிட்டு வா."

கயிற்றில் சாயாமல் வர வேண்டும் என்பதற்குத் தாரைக் காரணமாக வைத்தார் பாருங்கள். அந்த நேரத்தில் எனக்கு என் பெயரே தெரியாது. இருளப்பன் பல்லி மாதிரி நகர்ந்தான். வலது காலை நீட்டித் துழாவினான். படி தட்டுப்பட்டதும் கொடிக்கால் கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. இரண்டாவது காலும் ஏணிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் பாய் தன் பழைய தேங்காய்நார்க் கயிற்றை அவன் இடுப்பில் போட்டு இறுக்கினார்.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கரியில்.

கீழே வந்ததும் பாய் மணிலாக் கயிற்றைத் தூணில் கட்டி மறுமுனையை இரண்டு ஆளிடம் கொடுத்துச் சாயச் சொன்னார். சத்தம்கூடப் பெரிதாக இல்லை. வாழைநார் மாதிரிப் போய்விட்டது. இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தார்கள். இருளப்பன் அறுந்த முனையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், கருங்கல் தளத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப அந்தப் புளியோதரை?"

"இல்ல மாப்ள."

"அதுவும் பொய்யா!" என்று சட்டையைப் பிடித்தான். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளில் முகத்தை வைத்து அழுதான். பிறகு போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்தப் பகுதியை எழுத எனக்குத் திராணியில்லை.

அதோடு புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அடுத்த வெள்ளிக்கிழமை கோஷ்டி என்ன செய்தது தெரியுமா? அறுந்த துண்டை மறுபடி மனைப் பலகையில் வைத்து மாலை போட்டது. "இருளப்பன உசுரோட எறக்குன சாமி" என்று! உயிரோடு இறக்கிய ஏணியில் மறுபடி வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு பாயிடம் ஓடினேன்.

பாய் சிரித்தார். "கும்புடட்டும் தம்பி. அறுந்தத கும்புட்டா யாரு விழப்போறா? நல்லத மட்டும் ஒன் கையில வச்சுக்க."

அன்று முதல் நம் கோஷ்டியில் அதுதான் வழக்கம். பூஜைக்கு அறுந்த கயிறு. இடுப்புக்கு நல்ல கயிறு. நல்ல கயிற்றுக்குச் சந்தனம் கிடையாது, வெல்லம் கிடையாது. யார் இடுப்பில் கட்டப்போகிறானோ அவனே அதற்குப் பேன் பார்க்க வேண்டும். கயிறு இருக்கிறது என்பதற்காக ஏணியை விட்டுவிடக் கூடாது. நான் போன இரண்டு வருஷத்தில் யாரோ சுத்தக்காரப் புண்ணியவான் அந்த அறுந்த துண்டைக் குப்பையில் எறிந்துவிட்டான். காலியான மனைப் பலகையில் நீங்கள் புதுக் கயிற்றை வைத்துவிட்டீர்கள்.

ஆகவே திருடன் நான்தான். எஞ்சினியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தேன். கயிறு திரும்பி வரும்வரை ஒருவனும் கூரையேறக் கூடாது என்று அவர் போட்ட உத்தரவைத்தான் நீங்கள் லீவு என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறீர்கள்.

உங்கள் கயிற்றைக் கழுவி, திருப்பரங்குன்றம் ரோட்டில் என் வீட்டுக் கொல்லையில் நிழலில் காயப்போட்டிருக்கிறேன். இதுவரை பார்த்ததில் ஒரே ஓர் இடத்தில் பல் பட்டிருக்கிறது. எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். தோளில் மறுமுனையைப் போட்டுக்கொண்டு ஏறினானே, அவன் முதலில் வரட்டும். மடியில் போட்டுப் பிரித்து, அந்த இடத்தை அவனே கண்டுபிடிக்கட்டும். கயிற்றை எடுத்த அன்றே மில் குப்பைமேட்டைக் கிளறி நான் பொறுக்கி வைத்திருக்கும் அந்தப் பழைய அறுந்த துண்டை ஆயுத பூஜைக்கு எடுத்துப் போங்கள்.

இருளப்பனும் வருகிறான். அவன் அக்கா புளியோதரை செய்கிறாள். இந்தத் தடவை நிஜமாகவே.